சாவியை விட்ட பிறகும்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் அதை விட்டுவிட்டேன். உன் இருமல் நின்றதா?

மாமாவுக்கு வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சும் திரும்பவில்லை. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வருகிறது. அது பசியா, வலியா, கோபமா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் தப்பாகத்தான் கண்டுபிடிக்கிறேன். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இடையில் விட்டால் கை மடங்கியது மடங்கியபடியே நின்றுவிடும் என்கிறார் டாக்டர்.

இப்போது என் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவது என் சக்களத்தி. வேறு யார், மாமாவின் கார்தான். அவர் படுத்த பிறகு இந்த வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேனே, அது அதற்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. செல்ஃப் எடுக்கமாட்டேன் என்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. வாடகை வண்டிக்காரர்களோ மாமாவை ஏற்றி இறக்க வேண்டும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டு வெல்டரும் அவர் ஆட்களும் பின்னால் நின்று தள்ள, மாமா மகாராஜா மாதிரி முன்னால் உட்கார்ந்திருக்க, தெருவே வேடிக்கை பார்க்க, நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறோம். போன வாரம் வெல்டர் வெளியூர் போய்விட்டார். தள்ள ஆளில்லாமல் ஒரு பயிற்சி போயிற்று.

இங்கே இருக்கும் மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இனிமே சாமான் வராதும்மா. வண்டிய அழகுக்கு வச்சுக்குங்க" என்றார். நீ பழைய வண்டிகளோடுதானே குடித்தனம் நடத்துகிறாய். ஏதாவது வழி இருந்தால் எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. மற்றபடி பட்டறை, அறை, மறுபடி பட்டறை. சொல்லிக்கொள்ளும்படி வேறு எதுவும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மாமாவைப் பற்றி எழுதும்போது கூடவே எழுது.

மெக்கானிக் சொன்னது உண்மைதான். அந்த மோட்டாரைச் செய்தவர்கள் கடையை மூடிப் பல காலம் ஆகிறது. அதன் இடத்தில் பொருந்தும்படி வேறு ஒருவர் செய்கிற மோட்டாரை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். பார்க்கப் பழையதில் பாதிதான் இருக்கும், இழுவை அதைவிட அதிகம். இரண்டு போல்ட்டுதான், வெல்டர் மாட்டிவிடுவார்.

ஒயர் வேலையை நீயே செய்துவிடலாம். தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடு. பானெட்டுக்குள் பக்கச் சுவரில் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுதான் சோலனாய்டு. பேட்டரி கேபிள் அதன் ஒரு பக்கம் வந்து சேரும். மறு பக்கத்திலிருந்து ஒரு தடித்த கேபிள் மோட்டாருக்குப் போகும். நீ சாவியைத் திருப்பும்போது டப்பா அந்த இரண்டையும் சேர்த்துவிடும், மோட்டார் சுற்றும். புது மோட்டாருக்கு முதுகிலேயே சொந்தமாக இன்னொரு சோலனாய்டு உண்டு. அதனால் அதில் ஒரு தடித்த போல்ட்டும் பக்கத்தில் ஒரு குட்டிப் பின்னும் இருக்கும். உனக்குச் சுலபமான வழியைச் சொல்கிறேன். பழைய கேபிளை எதுவும் மாற்றாமல் தடித்த போல்ட்டில் மாட்டு. அங்கிருந்து குட்டிப் பின்னுக்கு ஒரு சாண் ஒயர் போட்டு இணைத்துவிடு. தீர்ந்தது வேலை. நான் எத்தனையோ வண்டிக்கு இப்படிக் கட்டியிருக்கிறேன்.

மோட்டார் நான் அனுப்பியது என்று மாமாவிடம் சொல்ல வேண்டாம். "ஒரிஜினல் இல்லாத ஒரு ஆணியக்கூட என் வண்டியில ஏத்தமாட்டேன்" என்று என்னை வாசலோடு அனுப்பியவர் அவர். அதன் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அது போகட்டும்.

உன்,
தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். எந்த வேளை என்று கேட்காதே.

மோட்டார் வந்தது, மாட்டியாயிற்று. வெல்டர் போல்ட்டை முடுக்கிவிட்டு, "ஒயர் சமாச்சாரம் எனக்கு ஆகாதுங்க. பத்த வைக்கச் சொன்னா பத்த வைப்பேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பழைய சாக்கை விரித்து நானே அடியில் படுத்தேன். நீ எழுதியபடியே கேபிளை மாட்டி, ஒரு சாண் ஒயரையும் போட்டேன். என் சாண், உன் சாண் இல்லை. எழுந்து வரும்போது முகமெல்லாம் கிரீஸ்.

சாவியைத் திருப்பினேன். தம்பி, ஒரே திருப்பு! என்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவில் வெல்டர் கை தட்டினார். இனி யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் மோட்டாருக்குச் சங்கீத ஞானம் வேறு இருக்கிறது. சாவியை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் 'ஙொய்ய்' என்று இழுத்துப் பாடிவிட்டுத்தான் ஓய்கிறது.

ஒரே ஒரு வருத்தம். மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்து முதல் தடவை வண்டியை எடுத்தபோது, இடது கையால் டேஷ்போர்டைப் படபடவென்று அடித்தார். அந்தத் தொண்டைச் சத்தமும் வந்தது. சந்தோஷத்தில் அடிக்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் இல்லை.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பேர் வேலையை ஒருவனாகப் பார்க்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வண்டி எடுத்தது கேட்டு மனசு நிறைந்தது. பட்டறையில் எல்லோரிடமும் என் அக்கா வண்டிக்கு அடியில் படுத்து ஒயர் கட்டினாள் என்று சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மாமா அடித்தது எதற்கென்று எனக்குத் தெரியும். பானெட்டைத் திறக்காமலே அவருக்குப் புரிந்திருக்கும், உள்ளே இருப்பது ஒரிஜினல் இல்லை என்று. பேச முடியாவிட்டாலும் பிடிவாதம் பிடிக்க முடிகிறதே, அந்த மட்டும் நல்லதுதான். நீ கண்டுகொள்ளாதே.

உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உன்,
தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

கால் வீக்கம் காலோடு இருக்கிறது. நீ இரண்டு பேர் வேலையைப் பார்ப்பதை நிறுத்து என்று நான் சொன்னால் கேட்கவா போகிறாய்.

கண்டுகொள்ளாதே என்று எழுதிவிட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு முறையும் அடிக்கிறார். நான் சாவியைத் திருப்பும்வரை சாதுவாக இருப்பார். வண்டி எடுத்ததும் ஆரம்பம். டேஷ்போர்டு, கதவு, சில சமயம் என் தோள். அடிப்பது கொஞ்ச நேரம்தான், நான் கியர் போட்டு நகர்த்தியதும் ஓய்ந்துபோய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குப் பிறகு பயிற்சியிலும் மனசு வைப்பதில்லை. தள்ளிக்கொண்டு போன நாட்களில் பாவம் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். இப்போது என்ன வந்தது? அவர் வண்டியை நான் ஒருத்தியாகவே கிளப்பி ஓட்டுகிறேன், அவர் இல்லாமலே எல்லாம் நடக்கிறது, அதுதான் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் தோளில் விழுந்த அடி நன்றாகவே வலித்தது. நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு நான் என்னதான் செய்யணும்? சொல்லித் தொலைங்க" என்றேன். சொல்ல முடியாதவரைப் பார்த்துச் சொல்லித் தொலைங்க என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முதல் அவரைப் பின் சீட்டில் உட்கார வைக்கிறேன். அங்கிருந்து அடித்தால் என் சீட்டின் முதுகில்தான் விழும்.

பயிற்சி கொடுக்கும் அம்மா இதைப் பார்த்துவிட்டு ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரைச் சொன்னார். அங்கேயே பயிற்சியும் உண்டாம், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். எனக்கு அப்படி ஒன்றும் எண்ணமில்லை, சும்மா விசாரித்து வைத்தேன்.

தூக்குவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, இதெல்லாம் என்னால் முடியும். முடியவில்லை என்றாலும் செய்துவிடுவேன். ஆனால் என்னைப் பிடிக்காமல்போன ஒருவரைத் தினமும் தூக்குவது வேறு விதமான பாரம். இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வந்த கோபத்தில் எழுதுகிறேன். உன் மேல் இல்லை.

நீயே எழுதியிருக்கிறாய், தள்ளிய நாட்களில் சும்மா இருந்தார் என்று. என் மோட்டார் சுற்றும்போது மட்டும் அடிக்கிறார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவருக்கு ஆகாதது நீ இல்லை, நான். அதைக் கழற்றி எறிந்துவிடு. இல்லையென்றால் இருக்கட்டும், அவர் அடித்துக்கொண்டே இருக்கட்டும். அந்த மனிதருக்கு எதைச் செய்தாலும் குற்றம்.

இல்லம் நல்லதாக இருந்தால் யோசித்துப் பார். நீயும் விழுந்துவிட்டால் உங்கள் இருவரையும் தூக்க யார் இருக்கிறார்கள்? உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன கடிதத்தில் முகத்தில் அடித்த மாதிரி எழுதிவிட்டேன் என்று தபாலில் போட்ட மறுநாளே தெரிந்தது. தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்கவா முடியும்? மாமா எப்படி இருக்கிறார்? திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்,
தம்பி


ஆகஸ்ட் 29

அன்புள்ள தம்பிக்கு,

திட்ட ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது, அதுதான் காரணம்.

மாமாவை இல்லத்தில் சேர்த்துவிட்டேன். நல்ல வெளிச்சமான அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம், அதற்குக் கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். இப்போதைக்கு ஒரு மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டிக்கொண்டு போன அன்றும் வண்டி எடுத்தபோது அடித்தார். போய் இறங்கிய பிறகு ஒன்றும் செய்யவில்லை. நான் கிளம்பும்போது என்னைப் பார்க்கவும் இல்லை.

வீடு துடைத்த மாதிரி இருக்கிறது. தைக்க நிறைய நேரம் கிடைக்கிறது, தைக்கத்தான் முடியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை காத்திருக்க முடியாது. நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

இன்று பட்டறைக்கு ஒரு பழைய வண்டி வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் நான்தான் அதற்கு இதே ரக மோட்டாரைக் கட்டினேன். மோட்டார் எரிந்துபோய், பிடிக்கிற பல்லெல்லாம் மழுங்கி வந்திருக்கிறது. மேஸ்திரி வேறொரு மோட்டாரை என் இணைப்பிலேயே மாட்டிச் சாவியைத் திருப்பிக் காட்டினார். என்ஜின் எடுத்தது, சாவியை விட்டார், மோட்டார் நிற்கவில்லை. 'ஙொய்ய்' என்று இழுத்துவிட்டுத்தான் நின்றது. "இத எந்தப் புண்ணியவான் கட்டினது?" என்று கேட்டார். எனக்கு அவர் கேள்வி காதில் விழவில்லை. உன் ஏப்ரல் மாதக் கடிதம்தான் கேட்டது. உன் மோட்டாருக்குச் சங்கீத ஞானம் என்று நீ எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்தவன்.

அக்கா, நான் சொன்ன ஒரு சாண் ஒயர்தான் தப்பு. பழைய ரக மோட்டாருக்கு அது ஒத்துப்போகும். இந்தச் சின்ன மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. சாவியை விட்ட பிறகும் சுற்றுகிற வேகத்தில் அது தானாகவே கொஞ்சம் கரண்ட் உண்டாக்கும். அந்தக் கரண்ட் அந்த ஒயர் வழியாகவே குட்டிப் பின்னுக்குப் போய், இன்னும் பிடி, இன்னும் பிடி என்று சொல்லிக்கொண்டிருக்கும். என்ஜினை விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே அரைபடும். இப்படியே போனால் ஒருநாள் நடுவழியில் நின்றுவிடும்.

மாமா அடித்தது அந்தச் சத்தத்துக்குத்தான். நீ சாவியை விட்டதும் அடிக்கிறார், நகர்த்துவதற்குள் சத்தம் ஓய்கிறது, அவரும் ஓய்கிறார். தள்ளிய நாளில் மோட்டாரே சுற்றவில்லை, அதனால் அடிக்கவும் இல்லை. நீ எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதியிருந்தாய். அவருக்குப் போனது பேச்சுதான், காது போகவில்லை. உன்மேலும் கோபமில்லை, என்மேலும் கோபமில்லை. வண்டி கெட்டுப்போகிறது, நிறுத்து என்று இத்தனை மாதமாக அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரைப் பற்றி என்னவெல்லாம் எழுதினேன்!

இப்போது செய்ய வேண்டியது இது. பேட்டரி மைனஸைக் கழற்று. அந்த ஒரு சாண் ஒயரைப் பிடுங்கி எறி. டப்பாவின் மறு பக்கத்திலிருக்கும் மோட்டார் கேபிளைக் கழற்றி, பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டிலேயே சேர்த்து மாட்டு. இப்போது காலியான போல்ட்டிலிருந்து ஒரு புது ஒயரை நீளமாக இழுத்துக் குட்டிப் பின்னில் கொடு. சாவியை விட்டதும் பின்னுக்குக் கரண்ட் போகாது. மோட்டார் உடனே விட்டுவிடும்.

அவரைப் பின் சீட்டிலிருந்து முன்னால் உட்கார வை. இல்லத்தைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

உன்,
தம்பி


அக்டோபர் 1

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு அலுப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இன்று எழுதாமல் இருக்க முடியாது.

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் ஆத்திரம் வந்தது, அப்புறம் என்மேல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். பசியா, வலியா, கோபமா என்று மட்டும்தான் அவரைப் பற்றி யோசித்தேன். வண்டியைப் பற்றிச் சொல்கிறார் என்று ஒருநாளும் தோன்றவில்லையே! இருபத்து நாலு மணி நேரமும் அதைத் தவிர வேறு எதையும் பேசாதவர்.

மறுநாள் காலையில் சாக்கை விரித்தேன். நீ எழுதியபடி கேபிளை இடம் மாற்றி, புது ஒயரை இழுத்து, அது எங்கேயும் உரசாமல் தையல் நாடாவால் சுற்றிக் கட்டினேன். சாவியைத் திருப்பினேன். எடுத்தது. விட்டேன். மோட்டார் நின்றுவிட்டது. என்ஜின் சத்தம் மட்டும் தனியாக, சீராகக் கேட்டது. என் சக்களத்திக்கு இவ்வளவு நல்ல குரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நேரே இல்லத்துக்குப் போனேன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வேறு யாரோ மாதிரி இருந்தார். நர்ஸிடம், "கொஞ்ச நேரம் வண்டியில உட்காரட்டும், காத்தாட" என்று கேட்டு, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார வைத்தேன். "நீங்க சொன்னது சரிங்க. தம்பி தப்பாக் கட்டச் சொல்லிட்டான், எனக்குப் புரியல" என்றேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினேன். இடது கை மேலே போயிற்று. நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். கை அப்படியே நின்றது. அந்தச் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், தம்பி. எத்தனை மாதத்துக்குப் பிறகு! அணைத்துவிட்டு மறுபடி போடு என்று விரலால் காட்டினார். போட்டேன். மறுபடி. மறுபடி. உன் மோட்டார் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. "தம்பி அனுப்பினது" என்று சொல்லிவிட்டேன். விரலால் டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே வந்து கேட்டுக்கொள்.

கேட் திறந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. கியரைப் போட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களுக்குச் சலாம் வைத்தார். மாமாவின் துணிமணி, மாத்திரை, சக்கர நாற்காலி எல்லாம் அங்கேயே கிடந்தன. மறுநாள் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் கையெழுத்தைப் போடவில்லை. பயிற்சிக்குப் பழையபடி வாரம் இரண்டு தடவை போகிறோம். தூக்கும்போது இடுப்பு முன்போலவே வலிக்கிறது. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நடந்ததைச் சொல்லவில்லையே. பெரிய சாலைக்கு வந்ததும் டேஷ்போர்டில் அடிக்க ஆரம்பித்தார். படபடவென்று, முன்னைப்போலவே. இந்தத் தடவை நான் கத்தவில்லை. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தேன். நான் மாட்டிய ஒயர் ஒழுங்காக இருந்தது. நாலு டயரையும் தட்டிப் பார்த்தேன், குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, "எங்க? எதுல கோளாறு? காட்டுங்க" என்றேன். இடது கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்தார். கேட்டைத் தாண்டியதிலிருந்து அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. கையை நீட்டிச் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டார். என் அழுகை முழுசாக நின்ற பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

அன்புடன்,
அக்கா